காலணி கேட்டு வந்தவன்

உள்ளங்கையில் நான்கைந்து நிறுத்தலாம். அத்துணைச் சிறிய உருவங்கள் அவை. உள்ளங்கால் முதல் கண்மட்டம் வரை 28 மில்லிமீட்டர் என்பது அத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் அளவு. துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணந்தீட்டி, சிறியதொரு பீடத்தில் நிறுத்துவார்கள். விளையாட்டுக்காகச் செய்வோர் உண்டு; விளையாட்டை மறந்து தீட்டுவதிலேயே தோய்ந்துபோனோரும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அப்படியொரு வாம்பயரை உருமாற்றித் தீட்டும் வேலையில் ஐந்து வாரங்களைக் கழித்தோம். தொல்காப்பியமும் புறநானூறும் நடத்திக்கொண்டிருப்பவருக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. விடை சற்று நீளமானது; பொறுமையுள்ளோர் தொடர்க.

நம் தமக்கை இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பல ஆண்டுகளாக வாழ்கிறார். ராபின் ஹூட் கதையாலும் சரிகைப் பின்னலாலும் பெயர்பெற்ற அவ்வூர், இச்சிற்றுருவங்களுக்குத் தலைநகரம் போன்றது என்பதை அங்கே சென்ற பின்னரே அறிந்தோம். 1975-இல் இலண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நிறுவனத்தின் தலைமையகம் இன்று நாட்டிங்காமின் லெண்டன் பகுதியில் இருக்கிறது. அதற்கு உருவங்கள் வார்க்கும் சிட்டடெல் பட்டறை, அருகிலுள்ள நியூவார்க்கில் 1970-களின் இறுதியில் தோன்றியது. அங்கே தொழில் கற்றவர்கள் பிரிந்து சென்று சுற்றுவட்டாரத்திலேயே தத்தம் பட்டறைகளை அமைத்தனர். உருவங்கள் ஈயக் கலவையில் வார்க்கப்பட்ட காலமாதலால், அவ்வட்டாரத்திற்கு ‘ஈயப் பட்டை’ என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். ஈயம் போய்விட்டது, இப்போது பெரும்பாலும் பாலிஸ்டிரீன் என்னும் நெகிழிதான். பெயர் நிலைத்துவிட்டது.

அத்தான் 2023 டிசம்பரில் மறைந்தார். நாற்பத்தொன்பது வயது, இதயம். அவரும் அவருடைய மகனும் மாடியில் உள்ள சிற்றறையில் மேசையிட்டு, ஞாயிறுதோறும் இந்த உருவங்களைத் தீட்டிவந்தார்கள். மருமகனுக்கு இப்போது பதினான்கு வயது. ஈமச்சடங்கிற்குச் செல்ல நமக்கு விசா உரிய நேரத்தில் கிட்டவில்லை. கல்லூரி விடுமுறையில்தான் செல்ல முடிந்தது. சென்றபோது மாடியறை மேசைமேல் ஒரு போர்வை கிடந்தது. அதனடியில் தூரிகைகள், வண்ணக் குப்பிகள், வெட்டுக்கருவிகள். பிரிக்கப்படாத ஒரு பெட்டி. பையனின் பிறந்தநாளுக்கென்று அத்தான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வாம்பயர் பிரபு அது.

இங்கே ஒரு சொல் விளக்கம். வாம்பயரை ‘இரத்தக் காட்டேரி’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. திரைப்படச் சுவரொட்டிகள் பரப்பிய வழக்கம் அது. காட்டேரி நம் ஊர்களில் படையல் பெறும் தெய்வம். அவளைக் கொண்டுபோய் ஐரோப்பிய இடுகாட்டில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. எனவே வாம்பயர் என்றே எழுதுகிறோம்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த பிரபு, எல்லாரும் எதிர்பார்க்கும் பிரபுதான். கவசம், ஓங்கிய வாள், காற்றில் விரியும் மேலங்கி, காதுகளுக்கு மேலே எழுந்து நிற்கும் கழுத்துப்பட்டை, வெளிறிய முகம், வெளியே தெரியும் கோரைப்பற்கள். பையன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “காலர் வேண்டாம் மாமா” என்றான். ஏன் என்று கேட்டோம். “இது டெர்பியிலிருந்து வந்தது” என்றான்.

பகடி என்று நினைத்தோம், உண்மைதான். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலில் டிராகுலா முதலில் தோன்றும்போது நீண்ட வெண்மீசையுடைய உயரமான கிழவர், கருப்பு உடை, அவ்வளவே. நாட்டிங்காமுக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள டெர்பி நகரத்தின் கிராண்ட் தியேட்டரில், 1924-இல் ஹாமில்டன் டீன் என்பவர் அந்நாவலை நாடகமாக அரங்கேற்றினார். அதில்தான் பிரபு மாலைவிருந்து உடையும் மேலங்கியும் அணிந்து வந்தார். மேடையில் அவர் திடீரென மறைய வேண்டும். நடிகர் அவையோர்க்கு முதுகு காட்டி நிற்பார். உயர்ந்த கழுத்துப்பட்டை தலையை மறைத்துக்கொள்ளும். மேலங்கி விறைப்பாக நிற்க, ஆள் தரையிலுள்ள கதவு வழியே இறங்கிவிடுவார். தலை நழுவுவதை மறைப்பதற்கென்று வந்த துணி, பின்னர் நியூயார்க் மேடைக்கும் 1931-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் சென்று, உலகெங்கும் வாம்பயரின் இலச்சினையாகிவிட்டது. வெயில் பட்டால் வாம்பயர் அழியும் என்பதும் இப்படித்தான். 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஜெர்மானிய மௌனப்படம் தந்தது. ஸ்டோக்கரின் பிரபு பகலில் நடமாடுவார். இவற்றையெல்லாம் பையனுக்குச் சொன்னவர் அத்தான். பொறியாளராயிருந்த அவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் இருந்தது நமக்குப் புதுச் செய்தி. பதினாறு ஆண்டுகள் அவரோடு கிரிக்கெட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கழுத்துப்பட்டையை நீக்கினால் என்ன வைப்பது? பையனிடம் விடை இருந்தது. பள்ளிக்கூடத்து நூலகத்தில் எடுத்து மடித்து வைத்திருந்த ஒரு நகலை நீட்டினான்.

செர்பியாவின் வடபகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. டான்யூப் ஆற்றங்கரைக்கு அருகே கிசிலோவா என்னும் சிற்றூர். இன்று கிசில்யெவோ என்று வழங்குகிறது. 1725-இல் அங்கே பீட்டர் பிளாகோயெவிச் என்னும் குடியானவர் இறந்தார். புதைத்துப் பத்து வாரங்களுக்குப் பின், எட்டு நாள்களில் ஒன்பது பேர் இறந்தனர். ஒவ்வொருவரும் ஒரு நாள் மட்டுமே நோயுற்றிருந்தவர்கள். உறக்கத்தில் பிளாகோயெவிச் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சாகுமுன் சொன்னார்கள். ஊரார் கல்லறையைத் தோண்ட வேண்டுமென்றனர். அவ்வட்டாரப் பேரரசு அலுவலர் ஃப்ராம்பால்ட் முதலில் மறுத்தார். மேலிடத்து அனுமதி வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், தாங்கள் குடிபெயர்ந்து விடுவோம் என்று அவர்கள் சொல்லவே, மதகுரு ஒருவரை அழைத்துக்கொண்டு உடன் சென்றார். உடல் அழுகாமல் இருந்தது. தாடியும் நகங்களும் புதிதாக வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து புதுத்தோல் தெரிந்தது. வாயில் இரத்தம் இருந்தது. ஊரார் நெஞ்சில் கழுவைச் செருகி உடலை எரித்தனர். அலுவலர் இவ்வளவையும் எழுதி அனுப்பினார். இதில் பிழையேதும் நேர்ந்திருப்பின் அது அச்சத்தால் நிலைகலங்கிய கூட்டத்தின் பிழை, தம்முடையதன்று என்று முடிக்கவும் மறக்கவில்லை. அரசு அலுவலர் எந்த நூற்றாண்டிலும் அரசு அலுவலரே. வியன்னாவின் செய்தித்தாள் ஒன்று 1725 ஜூலை 21 அன்று அவ்வறிக்கையை வெளியிட்டது. ‘வாம்பயர்’ என்னும் சொல் ஐரோப்பிய அச்சில் ஏறிய மிகப் பழைய இடங்களுள் அதுவும் ஒன்று.

பையன் அடிக்கோடிட்டிருந்தது இவற்றுள் எதையும் அன்று. அறிக்கையின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. இறந்தவரின் மனைவி, தம் கணவர் தம்மிடம் வந்து அவருடைய ‘ஓபன்ட்ஸி’யைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, ஊரைவிட்டு வேற்றூர் போய்விட்டாள். ஓபன்ட்ஸி என்பது அந்நாட்டுக் குடியானவர் அணியும் தோற்காலணி. முனை மேல்நோக்கி வளைந்திருக்கும்.

பிறரிடம் வந்தபோது கழுத்தை நெரித்தவன், மனைவியிடம் வந்தபோது செருப்பைக் கேட்டிருக்கிறான்.

“இதைச் செய்யலாம் மாமா” என்றான் பையன்.

இதைப் படித்தபோது தொடாக்காஞ்சி நினைவுக்கு வந்தது. போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்து நிற்பதைச் சொல்லும் துறை அது. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். வேப்பிலை செருகுவதும், ஐயவி புகைப்பதும், காஞ்சிப்பண் பாடுவதும் என்று பட்டியலிட்டு, மாணவர் குறித்துக்கொள்ள, அடுத்த துறைக்குப் போய்விடுவோம். அங்கே கணவன் உள்ளே, பேய் வெளியே, நடுவில் மனைவி. கிசிலோவாவில் கணவனே பேயாக வெளியே நிற்கிறான். அவள் எவரிடமிருந்து எவரைக் காப்பாள்? தொல்காப்பியர் இதற்குத் துறை வகுக்கவில்லை. அவள் ஊரைவிட்டுப் போனதைக் கோழைமை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

தமக்கைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. சமையலறையில் நம்மைத் தனியே அழைத்து, “துஷ்டி நடந்து ஆறு மாசம் ஆகல. வீட்டுக்குள்ள பொணத்தை வச்சு விளையாடணுமாடா? வேற ஏதாவது செய்யச் சொல்லேன்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அத்தானின் உடைகளையெல்லாம் அறக்கொடைக் கடைக்குக் கொடுத்துவிட்டார். காலணிகளை மட்டும் கொடுக்கப் பையன் விடவில்லை. வாசலையொட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில், வேலைக்கு அணிந்து செல்லும் பழுப்புநிறத் தோற்காலணிகள் அப்படியே இருந்தன. தாயும் மகனும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. பெருக்கும்போது தமக்கை அந்தத் தட்டைத் தவிர்த்துப் பெருக்குவதைக் கண்டோம். இந்நிலையில் செருப்புக் கேட்டு வரும் பிணத்தைச் செய்வதென்றால்! கிசிலோவாச் செய்தியை அவரிடம் சொன்னோம். மறைத்துச் செய்வது சரியன்று என்று தோன்றியது. கேட்டுவிட்டு, “செருப்பையா கேட்டான்?” என்றார். பின்னர் குக்கரை இறக்கினார். வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

வேலையைத் தொடங்கினோம். உருவத்தின் உறுப்புகள் ‘ஸ்ப்ரூ’ என்னும் நெகிழிச் சட்டத்தில் காய்கள்போல் தொங்கும். வெட்டுக்குறடால் நறுக்கி எடுத்து, அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழுந்த மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும். சுரண்டாது விட்டால், தீட்டிய பின் முகத்தின் குறுக்கே தழும்புபோல் தெரியும். பாலிஸ்டிரீனுக்கென உள்ள பசை உண்மையில் பசையன்று. இரு பக்கங்களையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுவது. பிரித்தெடுக்க இயலாது. ஆகவே ஒட்டுமுன் எல்லாவற்றையும் நீல நிறப் பிசுக்குமண்ணால் தற்காலிகமாக நிறுத்தி, நின்ற நிலையைப் பல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அத்தான் மகனுக்குக் கற்பித்த பாடம். அதன்படியே செய்தோம்.

முதலில் கழுத்துப்பட்டை போயிற்று. அடுத்து வாள். வாளேந்திய கையை மணிக்கட்டில் அறுத்து, உதிரிப்பெட்டியிலிருந்து திறந்த உள்ளங்கை ஒன்றைத் தேடி எடுத்தோம். அது வேறொரு பெட்டியில் வந்த குடியானவனுடையது. 1 மில்லிமீட்டர் துளைக்கருவியால் இரு பக்கமும் துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி இணைத்தான் பையன். கம்பி வேண்டுமா, பசை போதாதா என்று கேட்டதற்கு, “கை விழுந்துடும் மாமா” என்றான். ஓங்கிய கை இப்போது இடுப்பளவில் நீண்டது, கேட்கும் கை. தலையும் குடியானவனுடையதே. தாடியுள்ள தலை. கழுத்தைச் சாய்வாக அறுத்து ஒட்டியதால் முகம் கீழ்நோக்கியது. அறிக்கையில் கோரைப்பற்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் அவை தேவைப்படவில்லை.

கவசத்தை மறைப்பதுதான் கடினமாயிற்று. இதற்குக் ‘கிரீன் ஸ்டஃப்’ என்றொரு பிசின் உண்டு. மஞ்சளும் நீலமுமான இரு பட்டைகளாக வரும், சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும், ஒன்றரை மணி நேரம் வரை வடிவமைக்கலாம், மறுநாள் கல்லாகிவிடும். மஞ்சள் மிகுந்தால் ஒட்டும் தன்மை கூடும், நீலம் மிகுந்தால் விறைப்புக் கூடும். இரண்டு பட்டைகளும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஏற்கெனவே இறுகிய நூலளவுப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். இல்லாவிடில் மணல்போல் நெருடும். கருவியை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மெல்லிய தகடாக்கிய பிசினைக் கவசத்தின்மேல் போர்த்தி, மடிப்புகளை இழுத்தோம். காற்றில் பறந்த மேலங்கியின் ஓரங்களை நறுக்கி, கீழே தொங்கும் சவத்துணியாக்கினோம். பிறகு கால்கள். இரும்புக் காலணிகளைக் கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறுங்கால்களைப் பிசினால் அமைத்தோம். பத்து விரல்களுக்கு மூன்று மாலைகள் ஆயின. அவ்வூரில் அக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். விளக்கின்றியே வேலை நடந்தது.

பீடத்துக்கு 40 மில்லிமீட்டர் வட்டம் எடுத்தோம். கதவு, நிலை, வாசற்படி, மண்பூசிய சுவரின் ஒரு துண்டு. கதவுப் பலகைகள் காப்பி கலக்கும் மரக்குச்சிகள். கம்பித் தூரிகையால் நீளவாக்கில் இழுத்தால் பழமரத்தின் வரிகள் எழுந்துவிடும். சுவருக்கு மில்லிபுட் என்னும் வேல்ஸ் நாட்டுப் பிசின். ஈரமாக இருக்கும்போதே பழைய பல்துலக்கியால் ஒற்றினால் கை மெழுகிய மண் போலாகும். கூரையில்லை, அறையில்லை. வீடு இருக்கிறது என்று நம்பவைக்க ஒரு கதவே போதும்.

தரைக்கு மணலை ஒட்டிய பின், பையன் ஒரு சிறு கண்ணாடிச் சீசாவைக் கொண்டுவந்தான். பிர்ச் மரத்தின் கதிர்கள் உதிரும்போது விதைகளோடு சிறு செதில்களும் உதிரும்; மூன்று மடலுடைய அச்செதில்கள் இவ்வளவில் அப்படியே சருகுகளாகத் தோன்றும். இத்துறையில் பலரும் அறிந்த தந்திரம். வீட்டருகிலுள்ள பூங்காவில் 2023 இலையுதிர்காலத்தில் தந்தையும் மகனும் சேர்த்து உலர்த்தி, விதை வேறு செதில் வேறாகப் பிரித்து நிரப்பிய சீசா அது. செய்தித்தாளின் தேதி ஜூலை. கிசிலோவாவில் அப்போது கோடை. வாசலில் சருகு ஏது என்று ஆராய்ச்சியாளன் புத்தி உடனே கேட்டது. வாயைத் திறக்கவில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கதவோரத்தில் காற்று ஒதுக்கிவைத்ததுபோல் அவன் குவித்தான். நாற்பது சருகுகள் இருக்கும்.

வண்ணத்தைப் பற்றி எங்களுக்குள் வாதம் நிகழ்ந்தது. வாம்பயர் என்றால் வெளிறிய தோல் என்பது இத்துறையில் ஏறத்தாழ சட்டம். எலும்பு நிறத்தைப் பூசி, பள்ளங்களில் ஊதா ‘வாஷ்’ ஓடவிட்டால் முடிந்தது. (வாஷ் என்பது நீர்த்த வண்ணம், பள்ளத்தில் தேங்கி நிழலாகும்.) கிசிலோவாவின் பிணமோ வெளிறியதன்று. நாட்டார் வழக்கில் வரும் வாம்பயர் உப்பிச் சிவந்த குடியானவன்; மெலிந்து வெளிறிய பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களின் கைவண்ணம். பால் பார்பர் என்னும் அமெரிக்கர் 1988-இல் வெளியிட்ட நூலில், அவ்வறிக்கைகள் சொல்லும் அடையாளங்கள் ஒவ்வொன்றும் உடல் அழுகும்போது இயல்பாக நிகழ்வனவே என்று காட்டியிருக்கிறார். உள்ளே உண்டாகும் வாயு நெருக்குவதால் வாயில் செந்நீர் வருகிறது. மேல்தோல் கழன்று அடித்தோல் தெரிகிறது. நகம் உதிர்ந்து நகப்படுகை தெரிகிறது. ஊரார் அதைப் புதுத்தோல், புதுநகம் என்று கொண்டார்கள். பையன் இதையும் படித்திருந்தான். மிக அமைதியாக நமக்கு விளக்கினான். அவன் வயதில் ஒருவன் இதையெல்லாம் எதற்காகத் தேடிப் படித்திருப்பான் என்று அப்போது உறைத்தது. அத்தானின் உடலை எரியூட்டிவிட்டார்கள். இருப்பினும் பையனின் கேள்விகள் பையனுடையவை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல், சிவப்பே சரி என்றோம்.

அக்ரிலிக் வண்ணம் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே ஒரு தட்டில் நனைந்த பஞ்சை விரித்து, மேலே ரொட்டி சுடும் தாளைப் போர்த்தி, அதில்தான் குழைக்கிறார்கள். உருவம் முழுவதும் கறுப்பு ப்ரைமர் அடித்தோம். பிறகு கதவின் பக்கமிருந்து, தாழ்வாக, வெள்ளையை ஒரே ஒரு முறை தெளித்தோம். அவ்வெள்ளை எங்கெங்கு விழுந்ததோ அங்கெல்லாம் வெளிச்சம். கதவுக்கு அடியிலுள்ள இடுக்கிலிருந்து வீட்டு விளக்கொளி கசிகிறது என்பது பையனின் எண்ணம். கால்விரல்களிலும் சவத்துணியின் கீழோரத்திலும் மஞ்சளும் செம்மஞ்சளும். மேலே போகப் போகச் சாம்பலும் நீலமும். முகம் ஏறத்தாழ இருட்டில். செம்பழுப்பை அடியாக இட்டு, உடல்நிறத்தை ஏழெட்டு மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கன்னத்திலும் மூக்கிலும் விரல் முட்டிகளிலும் செந்நிறத்தைக் கண்ணாடி போல் நீர்த்துப் பூசினோம். உயிருள்ளவர் தோலுக்கும் அதற்கும் வேறுபாடு ஒரு சொட்டு ஊதா மட்டுமே.

கண்களைத் தீட்டவில்லை. முகம் குனிந்திருப்பதால் இமை நிழலே போதுமாயிருந்தது. சிற்பிகள் கடைசியாகக் கண் திறப்பதை நம்மூரில் சடங்காகச் செய்வார்கள் என்று சொன்னபோது, “அப்போ இவருக்குத் திறக்க வேண்டாம் மாமா” என்றான். அவன் ‘இவர்’ என்று சொன்னது அதுவே முதல் முறை. அதுவரை ‘அது’.

காலணிகளை இறுதிவரை தள்ளிப்போட்டோம். இவ்வளவில் ஒரு காலணி 5 மில்லிமீட்டர்கூட வராது. பிசினை நெல்மணியாக உருட்டி, ஊசியால் குழித்து, முனையை மேல்நோக்கி வளைத்து, மயிரிழையளவு வார்களைக் குறுக்கே இட வேண்டும். மூன்று இணைகள் செய்து மூன்றாவதை ஏற்றுக்கொண்டான் பையன். ஒவ்வொன்றின் அடியிலும் அரை மில்லிமீட்டர் கம்பியைச் செருகி, வாசற்படியில் துளையிட்டு நிறுத்தினோம். தோல்நிறப் பழுப்பைப் பூசினான். எங்கிருந்து அந்த நிறத்தை எடுத்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தீட்டுவதற்குமுன் கீழே இறங்கிப்போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான்.

அப்போதுதான் எந்தப் பக்கம் நோக்கி வைப்பது என்னும் சிக்கல் எழுந்தது. அவன் காலணிகளின் முனை கதவை நோக்கியிருக்கும்படி வைத்திருந்தான். வந்தவன் கதவைப் பார்த்து நிற்கிறான். அப்படியே கால்களை நுழைத்தால் அடுத்த எட்டு வீட்டுக்குள். மனைவி அவனை வழியனுப்ப எடுத்துவைத்ததென்றால் முனை தெருவை நோக்கி இருக்க வேண்டும். நம் கருத்து அதுவே. கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள் என்பதே கதைக்குப் பொருத்தம் என்று, வகுப்பில் பேசுவதுபோல் சற்று நீளமாகவே பேசினோம். பையன் மறுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

தமக்கை தேநீரோடு மேலே வந்தது அந்த நேரத்தில். நான்கு வாரங்களாக அந்த அறை வாசலைத் தாண்டாதவர் அன்று உள்ளே வந்து, அத்தானின் நாற்காலியில் அமர்ந்து, பீடத்தைக் கையில் எடுத்து விளக்கருகே பிடித்தார். கதவைப் பார்த்தார். இடுக்கு வெளிச்சத்தைப் பார்த்தார். சருகுகளைச் சுட்டி, “இது நீங்க ரெண்டு பேரும் பொறுக்கினதா?” என்று மகனிடம் கேட்டார். அவன் தலையசைத்தான். வாதம் எதைப் பற்றி என்று கேட்டார். சொன்னோம்.

“அவன் வச்சபடி இருக்கட்டும் தம்பி” என்றார்.

அதற்குமேல் பேச நமக்கு ஒன்றும் இல்லை. தேநீர் ஆறும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம். தமக்கை, வெளியே வைக்கும் செருப்பு மழையில் நனையாதா, செர்பியாவில் மழை உண்டா என்றெல்லாம் கேட்டார். பையன் விடை சொன்னான். உரக்கச் சிரிக்கவும் செய்தான்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் பளபளப்பற்ற மெருகை இரண்டு முறை அடித்தோம். பின், வாயோரத்தில் மட்டும் ஈரம்போல் தெரிய ஒரு துளி பளபளப்பு மெருகு. இரத்தம் வேறெங்கும் இல்லை. பீடத்தின் விளிம்பைக் கறுப்பாக்கி, எல்லாவற்றையும் உரிய பசையால் நிலைப்படுத்தினான். காலணிகளை மட்டும் ஒட்டவில்லை. கம்பியோடு துளையில் நிற்கின்றன. வேண்டுமானால் எடுக்கலாம், திருப்பலாம். ஏன் ஒட்டவில்லை என்று கேட்டதற்கு, “பிறகு ஒட்டிக்கலாம்” என்றான். கீழே வாசலருகே அலமாரியைக் கடந்தபோது பார்த்தோம். அந்தப் பழுப்புக் காலணிகளும் அங்கேயேதான் இருந்தன; யாரோ தூசி துடைத்திருந்தார்கள்.

சீசாவில் பாதிச் சருகுகள் மீந்திருந்தன. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தவன், அக்டோபரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அடுத்த பீடத்துக்கு இது போதாது என்றான்.